வெட்டியா, துளையிட்டா: வலிகாமத்துக் கமக்காரர் ஒருவரின் ஹேர்ணியா

நோயாளிக்கு வயது 64. யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண் பக்கம், வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர். வலது கவட்டில் இரண்டு வருடமாக ஒரு புடைப்பு. காலையில் எழும்பும்போது ஒன்றும் தெரியாது. தோட்டத்தில் நின்று வேலை செய்து பின்னேரமானால் எலுமிச்சம்பழ அளவுக்கு இறங்கி நிற்கும். படுத்தால் தானாக உள்ளே போய்விடும். அவரும் மகனும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அபூர்வமான நோய் என்பதற்காக இதை எழுதவில்லை. ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது கவட்டு ஹேர்ணியா (குடலிறக்கம், வயிற்றுச் சுவரின் ஓட்டையால் உள்ளே இருப்பது பிதுங்குவது) வருகிறது. பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு. எழுதக் காரணம், இவருக்கு எந்த ஒப்பரேசன் என்று குடும்பத்துக்கும் எங்களுக்கும் இடையில் நடந்த பேச்சு. வெட்டிச் செய்வது பழையது, சின்னத் துளைகளால் கமரா விட்டுச் செய்வது (கீ ஹோல்) புதியது, ஆகவே புதியதுதான் நல்லது என்ற முடிவோடுதான் இப்போது பலர் கிளினிக்குக்கு வருகிறார்கள். இவர் விடயத்தில் அந்த முடிவு பிழை. வேறொருவருக்கு அதுவே சரி. ஏன் என்று விளக்கமாகச் சொல்ல இவருடைய கதை உதவும்.

கேட்டதும் பார்த்ததும்

அவர் முதலில் எங்களிடம் வரவில்லை. பார்மசியில் ஹேர்ணியா பெல்ட் ஒன்று வாங்கி, சாரத்துக்குள்ளே கட்டிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் சமாளித்திருக்கிறார். ஒரு நாள் தண்ணீர் இறைக்கும் மிசினைக் கிணற்றடியில் இருந்து தூக்கி லாண்ட்மாஸ்டரில் ஏற்றும்போது புடைப்பு வெளியே வந்தது. படுத்தும் உள்ளே போகவில்லை. வலியும் கூடிவிட்டது. முழங்காலை மடக்கிக்கொண்டு அரை மணித்தியாலம் படுத்திருந்த பிறகுதான் மெல்ல உள்ளே போனது. அந்தப் பயம்தான் அவரைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தது.

பெல்ட் ஹேர்ணியாவை மாற்றாது. சுவரில் இருக்கும் ஓட்டை அப்படியே இருக்க, வெளியே வருவதை மட்டும் அழுத்திப் பிடிக்கும். குடல் வெளியே நிற்கும்போது அதன்மேல் பெல்ட்டை இறுக்கினால் கெடுதல்தான். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிரீன் 1848 இல் வைத்தியம் தொடங்கிய நாட்களில் பெல்ட்டை விட்டால் பெரிதாக வழியிருக்கவில்லை. குளோரபோர்ம் மயக்கமே வந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். கவட்டுச் சுவரை அடுக்கடுக்காகத் தைத்துச் சீராக்கும் முறையை இத்தாலியின் பாதுவா நகரில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் பசினி அறிவித்தது 1887 இல். இன்றைக்கு அப்படி வழியில்லாத நிலைமை இல்லை. ஆனாலும் பெல்ட்டோடு வருடக்கணக்கில் நடப்பவர்களை எங்கள் ஊரில் இன்னும் பார்க்கிறேன். கவலையாக இருக்கிறது.

ஹேர்ணியாவை நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தேடினால் பல தெரியாமலே போகும். நின்றபடி இருமச் சொன்னபோது விரலில் நன்றாக இடித்தது. பிறகு படுக்க வைத்து, புடைப்பை உள்ளே தள்ளிவிட்டு, கவட்டுக் கால்வாயின் உள்வாசல் இருக்கும் இடத்தில் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இன்னொருக்கா இருமுங்கோ" என்றேன். வரவில்லை. விரலை எடுத்ததும் சரிவாக இறங்கி வந்தது. உள்வாசல் வழியாக, விதைக்குப் போகும் நாளத்தோடு சேர்ந்து இறங்குகிற வகை இது. இடப்பக்கத்தில் அன்று ஒன்றும் தட்டுப்படவில்லை. இவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஹேர்ணியாவுக்கு ஸ்கான் தேவையில்லை. செய்யவும் இல்லை.

முடிவைத் தீர்மானித்தவை வேறு இரண்டு. சாரத்தைத் தளர்த்தியபோது தொப்புளுக்குக் கீழே நேராக ஒரு பழைய தழும்பு. ஒன்பது வருடத்துக்கு முன் சலம் அடைத்து, அடிவயிற்றைத் திறந்து புரோஸ்டேட் எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, இருமல். நாற்பது வருடமாகச் சுருட்டு. கேட்டபோது, "அது பழகின இருமல்தானே டொக்டர்" என்றார். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் சுவாசக் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப் போயிருப்பது தெரிந்தது.

மகனின் அழைப்பு

மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். அடுத்த கிளினிக் நாளில் தகப்பன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"டொக்டர், அப்பாவுக்கு வெட்டிச் செய்யாதேங்கோ. கீ ஹோலிலயே செய்யுங்கோ. தேவையெண்டால் பிரைவேட்டில செய்வம், காசு நான் அனுப்புறன்."

இப்படிக் கேட்பதில் தப்பில்லை. பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத பிள்ளைக்குக் கையில் இருப்பது இணையத்தில் வாசித்ததும் அனுப்பக்கூடிய காசும்தான். அவர் வாசித்ததும் பொய் இல்லை. கீ ஹோலில் வெட்டு சின்னது, முதல் நாட்களில் வலி குறைவு, வேலைக்குத் திரும்புவது சுறுக்கு. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியும் மரத்துப்போதலும்கூடக் குறைவு. கவட்டு ஹேர்ணியா ஒப்பரேசன் செய்தவர்களில் எந்த முறையானாலும் பத்தில் ஒருவருக்குப் பொருட்படுத்தத்தக்க வலி நீண்ட காலம் இருக்கிறது என்பதால் இது சின்ன விடயமும் இல்லை.

ஆனால் துளை எங்கே போகிறது, அங்கே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதைத் தகப்பனுக்கும் மகனுக்கும் சேர்த்தே விளங்கப்படுத்தினேன்.

இரண்டு முறையிலும் ஓட்டையை மூடுவது ஒரு வலைதான், பொலிபுறொப்பிலீன் நாரில் பின்னியது. வெட்டிச் செய்யும்போது அதைத் தசைச் சுவரின் முன்பக்கத்தில் வைத்துத் தைக்கிறோம். கீ ஹோலில் சுவருக்குப் பின்னால், வயிற்றறைச் சவ்வுக்கும் தசைக்கும் இடையில் ஒரு வெளியை உண்டாக்கி, அதில் பெரிய வலையாக விரிக்கிறோம். ட்ராக்டர் டயருக்கு உள்பக்கத்தால் ஒட்டுப் போட்டால், உள்ளே இருக்கும் காற்றே ஒட்டை அமத்திப் பிடிக்கும் அல்லவா, அதுபோல வயிற்றின் அழுத்தமே வலையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும். கமக்காரருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அப்ப உள்ளால போடுறதுதானே நல்லது?" என்றார். நல்ல கேள்வி.

உள்ளால் போட அந்த வெளி லேசாகப் பிரிய வேண்டும். இவருக்குப் புரோஸ்டேட் எடுத்தவர்கள் போனது அதே வழியால். சிறுநீர்ப்பைக்கு முன்னால் இருக்கும் அந்த இடம் முழுக்கத் தழும்பாகி ஒட்டிப் போயிருக்கும். அதைப் பிரிக்கும்போது சிறுநீர்ப்பை கிழியலாம். பக்கத்திலேயே தொடைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. 2018 இல் வெளியான சர்வதேச வழிகாட்டலும், அடிவயிற்றில் இப்படிப் பெரிய ஒப்பரேசன் நடந்தவர்களுக்கு முன்பக்கத்தால் செய்வதையே பரிந்துரைக்கிறது.

அடுத்தது மயக்கம். கீ ஹோலுக்கு வழக்கமாக முழு மயக்கம் வேண்டும். தொண்டைக்குள் குழாய் விட்டு, கரியமில வாயுவால் இடத்தை ஊதிப் பெருக்க வேண்டும். அந்த வாயு இரத்தத்தில் கலக்கும். அதை நுரையீரல்தான் வெளியேற்ற வேண்டும். நாற்பது வருடச் சுருட்டு தின்ற நுரையீரலுக்கு அது வீண் பாரம். வெட்டிச் செய்வதென்றால் அந்த இடத்தை மட்டும் ஊசியால் விறைக்க (மரத்துப்போக) வைத்தே முடிக்கலாம்.

செய்பவரின் கைப்பழக்கமும் ஒரு காரணம். அமெரிக்காவில் 14 முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் ஆண்களிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2004 இல் வந்தது. இரண்டு வருடத்தில் ஹேர்ணியா திரும்பி வந்தது கீ ஹோல் செய்தவர்களில் 10.1 சதவீதம், வெட்டிச் செய்தவர்களில் 4.9 சதவீதம். ஆனால் 250 க்கு மேல் கீ ஹோல் ஹேர்ணியா செய்து கைபழகிய நிபுணர்களிடம், முதல்முறை ஹேர்ணியாவில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. அதனால் நோயாளி தன் நிபுணரிடம் எந்த முறை நல்லது என்று கேட்பதோடு நிற்காமல், "இதை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்" என்றும் கேட்கலாம். கேட்டால் ஒரு நல்ல நிபுணர் கோபிக்க மாட்டார். வெட்டிச் செய்யும் வலை முறையை ஒப்பீட்டளவில் சுறுக்காகப் பழகலாம். கீ ஹோலுக்கு ஐம்பது முதல் நூறு ஒப்பரேசன் வரை கை வளைய வேண்டியிருக்கிறது.

மகனிடம் இன்னொன்றும் சொன்னேன். அவர் இருக்கும் ரொறன்ரோவுக்குப் பக்கத்திலேயே ஷோல்டைஸ் என்ற வைத்தியசாலை இருக்கிறது. 1945 இல் தொடங்கியது. அங்கே செய்வது ஹேர்ணியா மட்டும். வெட்டித்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் வலைகூட வைப்பதில்லை. சுவரின் சொந்த அடுக்குகளையே நான்கு வரிசையாகத் தைக்கிறார்கள். அதற்காகவே தூர இடங்களில் இருந்தும் ஆட்கள் போகிறார்கள். வெட்டிச் செய்வது வசதியில்லாத ஊர்க்காரருக்கு வாய்த்த இரண்டாந்தரம் என்ற எண்ணம் மகனின் மனதில் இருந்ததால்தான் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி டொக்டர், அப்பாவுக்கு எது பொருந்துமோ அதைச் செய்யுங்கோ" என்றார்.

காசு பற்றிய பேச்சையும் அதோடு முடித்தோம். அரச வைத்தியசாலையில் இந்த ஒப்பரேசன் இலவசம். 2022 நெருக்கடியில் நாடு முழுக்க மயக்க மருந்துக்கும் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு வந்து, அவசரமில்லாத ஒப்பரேசன்களைத் தள்ளிப்போட வேண்டியிருந்த நாட்கள் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. குறைந்த மருந்தில், குறைந்த கருவியில், இடத்தை மட்டும் விறைப்பித்துச் செய்யக்கூடிய ஒரு முறையைக் கையில் வைத்திருப்பதன் பெறுமதி அப்போது தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பயிலும் இளம் மருத்துவர்கள் கீ ஹோலைப் படிக்கிற ஆர்வத்தில் இதை நழுவ விடக்கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

ஒப்பரேசன்

உடனே செய்யவில்லை. சில கிழமைகளுக்குச் சுருட்டை நிற்பாட்டச் சொன்னோம். இன்ஹேலர் தொடங்கி, மூச்சுப் பயிற்சியும் பழக்கினோம். இருமலை அடக்காமல் ஓட்டையை மட்டும் மூடுவது நல்ல வேலை இல்லை. சலம் தடையின்றிப் போகிறதா, மலச்சிக்கல் உண்டா என்றும் பார்த்தோம். முக்குவதற்கு என்ன காரணம் இருந்தாலும் அதை முதலில் கவனிக்க வேண்டும். சுருட்டை முழுதாக விடவில்லை, ஆனால் நன்றாகக் குறைத்துவிட்டார்.

தோலிலும் அதன் கீழ் அடுக்குகளிலும் விறைப்பு மருந்தைச் சிறிது சிறிதாகப் போட்டுக்கொண்டே போனோம். அவர் விழித்திருந்தார், தாதியோடு வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தார். கவட்டுக்கு மேலே ஏறக்குறைய ஆறு சென்ரிமீற்றர் வெட்டு. வெளிச்சாய் தசையின் வெள்ளைத் தகட்டை நார் ஓடும் திசையிலேயே திறந்ததும் கீழே தெரிவது ஒரு மெல்லிய நரம்பு. இந்த ஒப்பரேசனில் மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான். அந்த நரம்பு தையலுக்குள் அகப்பட்டாலோ வலையோடு உரசினாலோ நீடித்த வலி வரலாம். நரம்பை அடையாளம் கண்டு, ஒதுக்கிப் பாதுகாத்தோம்.

விதை நாளத்தைத் தூக்கிப் பிடித்து, அதோடு ஒட்டியிருந்த ஹேர்ணியாப் பையைப் பிரித்தெடுத்தோம். பையில் குடல் இல்லை, கொழுப்பு மட்டும். பையை உள்வாசலுக்குள் திருப்பி அனுப்பினோம். பிறகு 1980 களில் அமெரிக்காவில் லிக்டென்ஸ்டைன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பரவலாக்கிய முறைப்படி வலை வைத்தோம். 7.5 க்கு 15 சென்ரிமீற்றர் வலை. பூப்பெலும்பு முடிச்சைத் தாண்டி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மூடும்படி விரித்து, கீழ்விளிம்பைக் கவட்டோரமாக ஓடும் உறுதியான நாரோடு தொடர் தையலாகத் தைத்து, நாளம் போக வலையின் வாலைப் பிளந்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டோம். பசினி காலத்து முறையில் தசையை இழுத்துக் கட்டுவதால் இழுவிசை இருந்தது. தையல் அறுத்து ஹேர்ணியா திரும்ப வந்துவிடும். வலையில் அந்த இழுவை இல்லை. அதனால் வலையைச் சற்றுத் தளர்வாகவே விடுவோம். நிமிர்ந்து நின்றால் வயிற்றுச் சுவர் முன்னுக்கு வரும், வலையும் பிறகு சிறிது சுருங்கும். அதற்கு இடம் வேண்டும்.

தகட்டை மூடுமுன், "ஐயா, இப்ப நல்லா இருமுங்கோ" என்றேன். வெங்காயப் பேச்சை நிறுத்திவிட்டு நன்றாக இருமினார். வலை நிமிர்ந்து நின்றது. ஓரத்தில் எங்கும் எதுவும் பிதுங்கவில்லை. முழு மயக்கத்தில் இப்படிக் கேட்டுப் பார்க்க முடியாது. எந்த ஆய்வின் அட்டவணையிலும் இதற்கு ஒரு வரி இருக்காது. எனக்கு என்றாலோ, தைத்த சுவர் தாங்குமா என்பதை நோயாளியின் சொந்த இருமலில் அந்த இடத்திலேயே பார்ப்பதைவிட நம்பிக்கை தருவது வேறில்லை.

வீட்டில்

சில மணித்தியாலத்தில் எழும்பி நடந்தார். சலமும் போனது. விறைப்பு ஊசியில் செய்தால் சலம் அடைப்பது முழு மயக்கத்தையும் முதுகு ஊசியையும்விடக் குறைவு. புரோஸ்டேட் வரலாறு உள்ள ஒருவருக்கு அது பெரிய காரியம். மறுநாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

வீட்டில் நடந்தது வழக்கமானது. விதைப்பையும் கவடும் நீலம் பாரித்து வீங்க, மனைவி பயந்துபோய் மூன்றாம் நாள் கூட்டிக்கொண்டு வந்தார். அது தோலுக்குக் கீழே கசிந்த இரத்தம், தானாக மறையும் என்று சொன்னோம், மறைந்தது. பெரிய இடைஞ்சல் பத்தியம்தான். மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, காயம் சீழ் பிடிக்கும் என்று விலக்கிவிட்டு, வெறும் கஞ்சியும் பாணுமாகக் கொடுத்து, கட்டிலை விட்டு இறங்கவும் விடவில்லை. விளைவு, மலச்சிக்கல், முக்கல். காயம் ஆற மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும். மலம் இளக முருங்கையிலை, கீரை, வாழைப்பழம், தண்ணீர் வேண்டும். கிரந்தியை நம்புகிற அம்மாவோடு வாதாடிப் பயனில்லை. "அம்மா, விளைமீன் சொதியும் கீரையும் குடுங்கோ, காயத்துக்கு நான் பொறுப்பு" என்றேன். ஒத்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்புவது பற்றியும் ஊரில் பழைய கணக்கு ஒன்று உலாவுகிறது: மூன்று மாதம், ஆறு மாதம் என்று. 2018 வழிகாட்டல் சொல்வது, வலி அனுமதிக்கிற அளவுக்கு, பெரும்பாலும் சில நாட்களிலேயே, வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம் என்பதே. இவரை ஒரு கிழமையில் தோட்டத்தைப் பார்க்கப் போகவும், மிசின் தூக்குவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடவும் சொன்னேன். அந்தத் தள்ளிப்போடல் அவருடைய இருமலுக்காக நான் சேர்த்தது.

பக்கத்துக் கட்டில்காரர்

அதே மாதத்தில் நாற்பதைத் தாண்டிய ஓட்டோ சாரதி ஒருவருக்கு நேரெதிரான முடிவு எடுத்தோம். வலப்பக்கம் முன்பு வெட்டி வலை வைத்தது, திரும்ப வந்திருந்தது. இடப்பக்கம் புதிது. சுருட்டோ சிகரெட்டோ இல்லை, வயிற்றில் வேறு ஒப்பரேசன் இல்லை. முன்பக்கத்தில் ஏற்கெனவே தழும்பு. அதற்குள் மறுபடி போனால் நரம்புக்கும் விதையின் இரத்த ஓட்டத்துக்கும் ஆபத்து. பின்பக்கம் யாரும் தொடாத வெளி. மூன்று துளையால் இரண்டு பக்கத்துக்கும் வலை வைக்கலாம். கைபழகிய நிபுணர் கீ ஹோலில் செய்தார். இரண்டாம் கிழமையில் ஓட்டோ ஓடியது. இவரை வெட்டிச் செய்திருந்தால் இரண்டு பக்கமும் இரண்டு வெட்டு, ஒன்று பழைய தழும்புக்குள்.

பெண்களுக்கும் கீ ஹோலைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், கைபழகிய ஆள் இருந்தால். பெண்களில் கவட்டுக்குக் கீழே தொடை வழியாக இறங்கும் ஹேர்ணியா ஆண்களைவிடக் கூடுதல். முன்பக்கத்தால் பார்க்கும்போது அது கண்ணுக்குத் தப்பிவிடும். இறுகிக் குடல் அழுகுவதும் அதில்தான் அதிகம். பின்பக்கத்தால் விரிக்கும் பெரிய வலை அந்த வாசலையும் சேர்த்து மூடும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

கமக்காரரின் வலப்பக்கம் உறுதியாக இருக்கிறது. வலி இல்லை. தழும்புக்குக் கீழே உள்ளங்கையில் பாதியளவு இடம் மரத்திருக்கிறது. அது அவரைத் தொந்தரவு செய்யவில்லை. மிசின் தூக்குகிறார், மகனின் பேச்சைக் கேட்டு இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு.

இந்தமுறை நின்று இருமியபோது இடப்பக்கத்தில் விரல் நுனிக்குச் சிறிதாக ஓர் இடி. அவருக்கு அது தெரியவே இல்லை. வயிற்றறைக்குள் கமரா விட்டுச் செய்யும் கீ ஹோலில் மறுபக்கத்தையும் அப்போதே பார்த்துவிடலாம் என்பது உண்மை, அதன் நல்ல பலன்களில் ஒன்று. இவருடைய தழும்புக்கும் நுரையீரலுக்கும் முன்னால் அந்தப் பலன் போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இடப்பக்கத்துக்கு இப்போது ஒன்றும் செய்யவில்லை. தொந்தரவில்லாத, அல்லது மிகக் குறைந்த தொந்தரவுள்ள ஹேர்ணியாவோடு காத்திருந்த ஆண்களையும் ஒப்பரேசன் செய்த ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006 இல் வெளியானது. மொத்தம் 720 பேர். காத்திருந்தவர்களில் இறுகி அவசரமானது ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைப் பத்து வருடம் தொடர்ந்தபோது, காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வலி கூடி ஒப்பரேசனுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே காத்திருப்பது பாதுகாப்பானது; என்றைக்குமே தேவைப்படாது என்று சொல்ல முடியாது. இதை அப்படியே அவரிடம் சொன்னேன். தேவைப்பட்டால் மறுபடி விறைப்பு ஊசியில் வெட்டித்தான்.

போகுமுன் மனைவியையும் கூப்பிட்டு இருவருக்கும் சொல்லி அனுப்பியது: புடைப்பு இறுகி, வலியோடு உள்ளே போகாமல் நின்றால், மேல் தோல் சிவந்தால், வாந்தி வந்தால், மலமும் காற்றும் போகாமல் நின்றால், பிரைவேட்டில் டொக்டர் யாரையும் சனல் பண்ணக் காத்திருக்க வேண்டாம், பெல்ட் கட்ட வேண்டாம், அமத்தி உள்ளே தள்ளவும் வேண்டாம், சாப்பாடு தண்ணீர் எதுவும் கொடுக்காமல், இரவு எந்நேரமானாலும் நேரே பெரியாஸ்பத்திரி அவசர பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அடுத்த கிளினிக் ஆறு மாதத்தில், வெங்காய அறுவடை முடிந்த பிறகு.